ஞானம்மா அக்காவின் இரண்டு பாட்டில்கள்

எங்கள் ஊரில் இரண்டு சபைகள். வல்லம் வடகாலில் தொழிற்பேட்டை வருவதற்கு வெகு முன்பே மணியும் கோபுரமும் வைத்துக் கட்டிய பழைய கோயில் எங்களுடையது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், டயர் கடைக்குப் பின்னால், தகர ஷீட் போட்ட ஹால் அவர்களுடையது. நடுவே கன்டெய்னர் லாரிகள் போகிற ரோடு. நான் எங்கள் சபையின் கமிட்டிச் செயலாளன். பெயர் ஜோயல். பதினோரு வருடமாக அந்தப் பொறுப்பில் இருக்கிறேன். அதில் பத்து வருடம் ஹாலைத் திட்டுவதிலேயே போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நல்லவன் நானில்லை.

திட்டுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் தெளித்தது ஞானஸ்நானமே அல்ல என்று சொல்லி, எங்கள் ஆட்களை ஏரியில் இறக்கி மறுபடி முழுக்கினார்கள். நாங்கள் வேதபாடம் வாசிக்கிற நேரம் பார்த்து அவர்கள் டிரம்ஸ் தட்டினார்கள். எங்கள் பட்டி ஆடுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய்விட்டு, 'ஆத்தும ஆதாயம்' என்று சாட்சி சொன்னார்கள். நாங்கள் மட்டும் சும்மா இருந்தோமா? எங்கள் ஸ்பீக்கர் குழாயை அவர்கள் பக்கம் திருப்பிக் கட்டினோம். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோயில் நாற்காலிகளைத் தர மறுத்தோம். ஊரில் கிறிஸ்தவர் யார் இறந்தாலும் எங்கள் கோயில் மணியை நிறுத்தி நிறுத்தி அடிப்பது வழக்கம். அந்த ஹால் பாஸ்டரின் அம்மா இறந்தபோது மணி அடிக்கவில்லை. "அவங்க நம்ம சபை இல்லியே" என்று சொல்லிக் கயிற்றைக் கட்டி வைத்தவன் நான்தான்.

இப்போது ஞானம்மா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. மணிமங்கலம் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். புருஷன் லாரி ஓட்டினார், குடித்தார், குடித்தே போய்ச் சேர்ந்தார். அப்போது மகன் அன்புக்கு ஒன்பது வயது. அக்கா ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனி கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கும் அங்கேதான். மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து ஆயிரத்து நானூறு பேருக்குச் சமையல் நடக்கிற இடம். சாம்பாரில் உப்பு சரியில்லை என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிய ஆபீசரை அண்டாவுக்குப் பக்கத்தில் வரவழைத்து, கரண்டியைக் கையில் கொடுத்து, "நீயே போடு சார், எவ்ளோ வோணுமோ" என்று சொன்னவர். அந்த மனுஷன் அதற்குப் பிறகு தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாராம்.

எங்கள் கோயிலில் அப்பத்தோடு கொடுக்கிற நற்கருணைத் திராட்சரசம் செய்வது அவர்தான். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறார். கறுப்பு பன்னீர் திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சர்க்கரையும் நாலு கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நாற்பது நாள் வைப்பார். பிறகு வடிகட்டி, பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருவார். நன்றாகப் புளித்த ரசம். கிண்ணம் மூக்குக்கு வருவதற்கு முன்பே ஒயின் வாசனை வந்துவிடும். பக்கத்து ஊர் சபைக்காரர்கள்கூட "உங்க ரசம் மாதிரி வராதுங்க" என்பார்கள். அக்காவுக்கு இந்த உலகத்தில் பெருமை என்று ஒன்று இருந்தது என்றால் அந்த ஜாடிதான்.

கவலை என்று ஒன்று இருந்தது என்றால் அது அன்பு. அப்பன் போன வழியிலேயே பிள்ளையும் போனான். இரண்டு கம்பெனியில் வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அம்மா இழுத்துக்கொண்டு வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருவான். நற்கருணை ஆரம்பிக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவான். அவன் பெயரை ஜெபக்குறிப்பில் எழுதினோம். மாதா மாதம் எழுதினோம். எழுதியதோடு சரி.

ஹால்காரர்கள் எழுதவில்லை, வீட்டுக்கு வந்தார்கள். பாஸ்டர் எல்லப்பன் பன்னிரண்டு வருடம் ஒரு வண்டிக் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் ஸ்ப்ரே அடித்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். சாயங்காலம் ஷிஃப்ட் முடித்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அன்பை ஹாலுக்கு அழைத்துப் போவார். ஒயின்ஷாப் மூடும்வரை அவனோடு உட்கார்ந்து கேரம் ஆடுவார்கள். நாலு மாதம், ஒருநாள் விடாமல். அன்பு குடியை விட்டான். ஹாலுக்கு வந்த பிரவீனா என்கிற பெண்ணைக் கட்டினான். மறுபடி வேலைக்குப் போனான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறு மாதமாக ஆராதனைக்கு வரவில்லை என்று விதியைக் காட்டி, சபைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். "இன்னொரு ஆட்டையும் திருடிட்டானுங்க" என்று கமிட்டியில் சத்தம் போட்டேன்.

அக்கா எங்கள் கோயிலை விடவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். ஹாலுக்கும் அவரே ரசம் செய்தார். அவர்கள் புளித்ததைத் தொட மாட்டார்கள். அதனால் திராட்சையைக் கொதிக்க வைத்து, மசித்து, வடிகட்டி, ஆறவைத்து சனிக்கிழமையே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவார். ஜாடி ரசத்தின் பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல், ஹால் பாட்டிலில் ஒன்றும் இல்லை. இரண்டையும் பேப்பரில் சுற்றி ஒரே ஃப்ரிட்ஜில் வைப்பார். பேப்பர் எதற்கு? எனக்காகத்தான். என் கண்ணில் பட்டால் ஊரைக் கூட்டுவேன் என்று தெரியும். எங்கள் சண்டைக்குப் பயந்து சுற்றிய பேப்பர் அது. சிவப்பு நூலை மறைத்ததும் அதே பேப்பர்தான்.

போன வருடம் ஆகஸ்ட் முதல் ஞாயிறு. அக்கா நைட் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் ஏழு மணிக்கு வந்து இறங்கினார். கண்ணில் தூக்கம். பிரவீனா வாசலில் நின்றாள். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை மருமகளிடம் கொடுத்துவிட்டு, மற்றதைப் பையில் வைத்துக்கொண்டு குளித்துவிட்டு எட்டு மணி ஆராதனைக்கு வந்துவிட்டார்.

ஒன்பதேகாலுக்கு நற்கருணை. பீடத்து முன் கிராதியில் பத்துப் பத்துப் பேராக முழங்கால்படியிட வரிசையை ஒழுங்குபடுத்துவது என் வேலை. அதற்குள் நான் குடித்து முடித்திருந்தேன். இன்றைக்குக் கொஞ்சம் தித்திப்பு என்று நினைத்ததோடு சரி. அக்கா முழங்கால்படியிட்டார். எங்கள் சபைக் குருவான ஐயர் கிண்ணத்தை நீட்டினார். அக்கா ஒரு வாய் வைத்தார். அவருடையது ஆயிரத்து நானூறு பேர் சாம்பாரை ருசி பார்க்கிற நாக்கு. முகம் செத்துப்போயிற்று. எழுந்து நேரே என்னிடம் வந்து சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"இன்னாக்கா, பாதி ஆராதனைல?"

"வண்டிய எடு ஜோயலு. ஹாலுக்குப் போவணும்."

"எந்த ஹாலுக்கு?"

"ஊர்ல எத்தினி ஹால் கீது? எடுடா. பாட்டில் மாறிப் பூட்ச்சு. நம்ம ஜாடி ரசம் அங்க போயிடுச்சு. எம் புள்ள அங்க கீறான்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் முதலில் வந்தது கோபம்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். "நீ அவனுங்களுக்குமா ஊத்திக் குடுக்கற?" என்றேன்.

"அத்த அப்பால திட்டு. செகண்ட் ஷிஃப்ட் ஆளுங்க போவணும்னு இன்னிக்கி அங்க நற்கருணைப் பந்திய முன்னாடியே வெச்சிருவாங்க. போன் பண்ணாலும் எடுக்க மாட்டாங்க, ஆராதனைல எல்லாம் ஆஃப் பண்ணிருவாங்க."

"நான் அந்தப் படி மிதிக்க மாட்டேன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிகீறேங்க்கா."

அக்கா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், லாரி ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். இரவு முழுக்க நின்று வேலை செய்த கால். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு வருசம் நாலு மாசம் ஆவுது ஜோயலு. ஒரு சொட்டுத் தொடல. நாளு எண்ணிகினு கீறேன். எங்கையால செஞ்சதக் குடிச்சு அவன் திரும்பிட்டான்னா நான் இன்னாத்துக்கு உயிரோட இருக்கணும்?"

சிக்னலில் கன்டெய்னர் ஒன்று நகராமல் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக, 'ஆண்டவரே, அந்த ஹாலில் இன்றைக்குப் பாட்டு நீளட்டும்' என்று ஜெபித்தேன்.

பாட்டு முடிந்திருந்தது. நாங்கள் வாசலில் குவிந்திருந்த செருப்புகளைத் தாண்டி உள்ளே போனபோது ஹால் அமைதியாக இருந்தது. சுமார் அறுபது பேர். அவர்களிடம் பெரிய கிண்ணம் கிடையாது. கட்டைவிரல் அளவு சின்னச் சின்னக் கப்புகளில் ஊற்றி, தட்டில் வைத்து வரிசையாகக் கொடுப்பார்கள். இரண்டு பேர் தட்டு ஏந்தி நின்றார்கள். ஒருவன் அன்பு. முன்வரிசைக்கு எதிரே நின்றவன் நகரவில்லை. கண்ணை மூடியிருந்தான். ஏதோ ஜெபத்தில் இருக்கிறான் என்று நினைத்து எல்லோரும் காத்திருந்தார்கள். தட்டிலிருந்த கப்புகள் ஒன்றோடொன்று இடித்து ஆடிக்கொண்டிருந்தன. அவன் கைகள் முன்னால் நேராக நீண்டிருந்தன. தலை மட்டும் பின்னால் போயிருந்தது.

அவனுக்கு வாசனை தெரிந்துவிட்டது.

அக்கா நேரே போய் மகன் கையிலிருந்து தட்டை வாங்கினார். அன்பு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அவன் ஏன் உட்கார்ந்தான் என்று அறுபது பேருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை என்று எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. "எல்லாரும் மன்னிக்கணும்" என்றேன். "தட்டுல கீறது எங்க கோயில் ரசம். புளிச்சது. தெரியாம மாறி வந்திருச்சு. தப்பு எங்க சபையோடது. யாரும் குடிக்காதீங்க."

எல்லப்பன் ஒரு கப்பை எடுத்து முகர்ந்தார். "எனக்குப் பெயிண்ட் ஷாப்லயே மூக்குப் பூட்ச்சுண்ணே. ஊத்தும்போது தெரில" என்றார். சபையைப் பார்த்து, "அண்ணன் சொல்றார் இல்ல, அல்லாத்தியும் திருப்பி வைங்க" என்றார். அவ்வளவுதான். எப்படி, ஏன், யார் என்று ஒரு கேள்வி இல்லை. அவர் அம்மாவுக்கு மணி அடிக்காதவனை அண்ணன் என்றார். அந்த ஒரு வார்த்தை பட்ட இடம் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

"இந்த மாசம் பந்தி இல்லாமலே முடிச்சுக்கலாம்" என்றார் எல்லப்பன். செகண்ட் ஷிஃப்ட் யூனிஃபார்மில் வந்திருந்தவர்களின் முகம் வாடியது. மாதத்துக்கு ஒருமுறை கிடைப்பது அது. என் வாய் என்னைக் கேட்காமலே பேசிற்று: "இருங்க. உங்க பாட்டில் எங்ககிட்டதான் கீது. பாதி மிச்சம் இருக்கும். பத்து நிமிசம்."

கோயிலுக்குத் திரும்பிப் போனேன். ஆராதனை முடிந்து எங்கள் ஐயர் அங்கி அறையில் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு, வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். கிண்ணத்தில் ஊற்றியதைத்தான் எங்கள் முறைப்படி ஆசீர்வதிப்போம். பாட்டிலில் இருந்தது ஆசீர்வதிக்காமல் அப்படியே இருந்தது. "குடுக்கலாமா ஐயரே? கமிட்டில ஒரு வார்த்த கேக்காம..." என்று இழுத்தேன்.

"என்னண்ணே இது, கேட்டுக்கிட்டு நிக்கீங்க? அவங்க பாட்டிலு, அவங்க பந்தி. ஏறுங்க, நானும் வாரேன்."

வெள்ளை அங்கியைக் கழற்றக்கூட இல்லை. சுருட்டி மடியில் பிடித்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். டயர் கடைக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஹாலில் ஐயருக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். அவர் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லப்பன் கப்புகளைக் கழுவி மறுபடி ஊற்றி ஜெபித்தார். தட்டு என்னிடமும் வந்தது. ஒரே பாட்டிலிலிருந்து ஒரே நாளில் இரண்டு தடவை. வாங்கிக்கொண்டேன். வாங்கியபோது அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முடிந்து வெளியே வந்தபோது அன்பு என் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தான்.

"தம்பி, உன்னைப் பத்தி நான் ரொம்பப் பேசிட்டேன்" என்றேன். "திருட்டு ஆடுன்னுகூடச் சொல்லிகீறேன்."

"யாரும் என்னத் திருடலண்ணே" என்றான். "நம்ம கோயில்ல கிண்ணம் வரும் பாரு, அந்த வாடை கடைசி பெஞ்சு வரிக்கும் வரும். அதுக்கப்பறம் எனக்கு ஜெபம் ஓடாது. கால் தானா ஒயின்ஷாப்புக்குப் பூடும். அதான் எழுந்து பூடுவேன். இங்க அது இல்ல, இங்க வந்தேன். அவ்ளோதான்."

"இத்த ஒரு வார்த்த சொல்லிருக்கலாம் இல்லடா?"

"யாராண்ட சொல்றது? அது அம்மா கைவேலைண்ணே. அவங்களாண்ட சொல்லிடாத." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போய் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பத்து வருடமாக எங்கள் ஆடுகளை அவர்கள் ஓட்டிப் போகிறார்கள் என்று கத்தினேன். இந்த ஒரு ஆட்டை நாங்களே விரட்டியிருக்கிறோம். விரட்டியதை அவர்கள் பிடித்து, உட்கார வைத்து, கேரம் ஆடி, உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் நான் சிவப்பு மை பேனாவை எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு கமிட்டியில், இனிமேல் புளிக்காத ரசமே வைக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். காரணம் சொல்ல முடியவில்லை. அன்புக்குக் கொடுத்த வாக்கு. பெரியவர்கள் சும்மா விடுவார்களா? "இன்னா ஜோயலு, ஹால் காத்து அடிச்சிருச்சா? அடுத்து ஏரில முழுக்கச் சொல்லுவியா?" என்றார் ஒருவர். "பாட்டன் காலத்து வழக்கம்" என்றார் இன்னொருவர். தீர்மானம் தோற்கிற நிலைக்கு வந்துவிட்டது. அப்போது கதவோரம் நின்ற அக்கா உள்ளே வந்தார். அவர் கமிட்டி உறுப்பினர் இல்லை.

"ஜாடியக் கவுத்துட்டேன்" என்றார். "நேத்தே ஊத்திட்டேன். இனிமே கொதிக்க வெச்சதுதான் செய்வேன். வோணாம்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

"ஏம்மா? இருவத்திரெண்டு வருசமா..." என்றார் ஒரு பெரியவர்.

"தட்டு வெச்சிகினு எம் புள்ள கை நடுங்கனத நான் பாத்தேன். நம்ம கோயில்ல இருந்து அவன் ஏன் எழுந்து எழுந்து போனான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நாந்தாங்க தொரத்திகீறேன். இத்தினி வருசமா, எங்கையாலயே." குரல் உடையவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவர்போலச் சொன்னார். "இங்க இன்னும் எத்தினி பேர் கடைசி பெஞ்சுல கீறாங்களோ, யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு தீர்மானத்துக்குக் கைதூக்கச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஐயர் எழுந்து அக்காவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

இப்போது இரண்டு சபைகளும் ஒன்றாகிவிட்டன என்று நினைக்க வேண்டாம். முழுக்கா தெளிப்பா என்று கேட்டால் நான் இன்றைக்கும் எல்லப்பனோடு ஒரு மணி நேரம் சண்டை போடுவேன். அவரும் விட மாட்டார், டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே போடுவார். ஆனால் ஸ்பீக்கர் குழாய்கள் இரண்டும் கீழே இறங்கிவிட்டன. ஒருவர் இந்தச் சபையை விட்டு அந்தச் சபைக்குப் போக நினைத்தால், பாஸ்டரும் ஐயரும் முதலில் ஒருவருக்கொருவர் போன் செய்கிறார்கள். "இன்னா மனத்தாங்கல்னு கேட்டு அனுப்புங்க" என்று எல்லப்பன் இரண்டு குடும்பங்களை எங்களிடமே திருப்பி அனுப்பினார். கோயில் நாற்காலிகள் ஏரிக்கரையைத் தாண்டிப் போய் வருகின்றன. எல்லப்பனிடம் மணி விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். "எங்கம்மாவுக்கு நம்ம கோயில் மணின்னா உசுருண்ணே" என்றார்.

அக்கா சனிக்கிழமை சாயங்காலம் ஒரே பாத்திரத்தில் காய்ச்சி இரண்டு பாட்டிலில் ஊற்றுகிறார். எதைக் கொடுத்தாலும் பரவாயில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலை அன்பு பிரவீனாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆராதனைக்கு வந்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். நற்கருணை தொடங்கியது. நான் வரிசையை விட்டபடி அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தான். கதவுப் பக்கம் போகவில்லை. அம்மா முழங்கால்படியிட்டிருந்த இடத்தை நோக்கி வந்தான். பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. விதிப்படி நான் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். ஒதுங்கி வழி விட்டேன். அம்மா பக்கத்தில் முழங்கால்படியிட்டான்.

ஐயர் கிண்ணத்தை நீட்டினார். பழக்க தோஷம், அன்பு ஒரு நொடி தலையைப் பின்னால் இழுத்தான். பிறகு மெதுவாக முகர்ந்தான். குடித்தான்.

அடுத்தது அக்கா. கிண்ணம் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அவர் அதைப் பார்க்கவில்லை. மகனின் ஈரமான உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் கிண்ணத்தை நீட்டியபடியே காத்திருந்தார். பின்னால் எண்பது பேர் நின்றார்கள். கடைசியில் அன்புதான் அம்மாவின் தோளைத் தொட்டு, "குடிம்மா" என்றான்.